தரைக்குப் பாகு காய்ச்சிய வருடம்

என் அம்மாவுக்கு எதையும் முடிவு செய்ய மூன்று சொற்கள் போதும். ஆமாம் என்றால் ஹவ். ஏன் என்றால் கைக்கு. வேண்டாம் என்றால் நக்கோ. அரக்கோணத்திலிருந்து ரயில்வே பட்டறை வேலைக்கு ஹைதராபாத் வந்த குடும்பம் எங்களுடையது. அம்மா மௌலா அலி ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்து, ரயில்வேயிலேயே டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டில் பேசுவதெல்லாம் தமிழ்தான். ஆனால் எதையாவது தீர்மானமாகச் சொல்ல வேண்டுமென்றால் ஹைதராபாத் உருது அவள் நாக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவள் நக்கோ சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் இல்லை. அப்பா உயிரோடு இருந்தவரை, அந்தச் சொல்லைக் கேட்டதும் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். நானும் அண்ணனும் சின்ன வயதில் அழுது புரண்டு பார்த்தும் ஒரு நக்கோவைக்கூட மாற்ற முடிந்ததில்லை.

அதனால்தான் அந்த ஆகஸ்ட் மாதம் மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி அம்மா "சரிடா" என்று சொன்னபோது நான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன்.

கேட்டது அண்ணன். சென்னையிலிருந்து அலறி அடித்துக்கொண்டு வந்திருந்தான். எங்கள் அடுக்ககத்தின் முன்வாசல் ஒரு கிண்ணம். நல்ல மழை பெய்தால் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நிற்கும். வடிவதற்குள் பாசி பிடித்துவிடும். அந்தப் பாசியில் வழுக்கி விழுந்து அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அண்ணன் என்னைத் திட்டவில்லை, யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசி மனம் ஆறியிருப்பேன். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வருஷ மழைக்கும் இதே மாதிரி தண்ணி நின்னா நீ என்கூட சென்னைக்கு வந்துடணும்மா. இன்னொரு தடவ விழுந்தா தாங்காது," என்றான். அவ்வளவுதான். நான் நக்கோவுக்காகக் காத்திருந்தேன். அம்மா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே "சரிடா" என்றாள்.

அம்மாவை அறிந்தவர்களுக்குத்தான் அந்தச் சரியின் பயங்கரம் புரியும். எங்கள் வீடு தரைத்தளத்தில் இருக்கிறது. வாசலுக்கு நேர் எதிரே, கேட்டை ஒட்டி, தகரம் போட்ட ஒரு கொட்டகை. அதில் ஒரு கேரம் போர்டு. சாயங்காலமானால் மூன்றாவது மாடித் தெலுங்கு டீச்சரும் பக்கத்துக் கட்டடத்து பேகம் சாஹிபாவும் அம்மாவும் அங்கே கூடிவிடுவார்கள். மூவருமே ஓய்வு பெற்றவர்கள், மூவரும் கூசாமல் ஏமாற்றுவார்கள். அம்மா சிவப்புக் காயைக் குழிக்குள் தள்ளும்போது அவள் முகத்தில் வரும் வெளிச்சத்தை நான் வேறு எந்தச் சமயத்திலும் பார்த்ததில்லை. வாசல்படிக்கும் அந்தக் கொட்டகைக்கும் நடுவில் இருப்பதுதான் இந்த முற்றம். அது குளமானால் அம்மாவுக்கு உலகமே அறுந்துபோகும். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பிய பிறகு, எதைக் கேட்டாலும் அவளிடம் ஒரே பதில்தான். "எனுக்கு என்னாடி, நான் சென்னைக்குப் போறவ."

இப்போது என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாதாப்பூர் பக்கம் ரெடிமிக்ஸ் கான்கிரீட் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் சோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். கான்கிரீட்டைக் கலப்பது, அச்சில் போடுவது, பிறகு அதை இயந்திரத்தில் வைத்து உடைப்பது. ஒன்றை ஒழுங்காகச் செய்து, அது எப்போது உடையும் என்று பார்ப்பதற்கு மாதச் சம்பளம் தருகிறார்கள். இதைவிட ஆனந்தமான தொழில் எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. காலை மெட்ரோவில் மாதாப்பூர் பக்கம் இறங்கும் கூட்டம் முழுக்க மென்பொருள்காரர்கள். அவர்கள் நடுவே சிமெண்ட் ஒட்டிய ஷூவோடு இறங்குகிறவள் நான் ஒருத்திதான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. "எல்லார் பொண்ணும் மாப்பிள்ளைய கட்டிக்கினாங்க, என் பொண்ணு கல்ல கட்டிக்கினா," என்று அம்மா கொட்டகையில் உரக்கச் சொல்லுவாள், நான் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே.

தண்ணீர் நிற்காத தரை போடலாம் என்ற எண்ணம் எனக்கு வந்தது கார்த்திகையன்று, அடுப்படியில். அம்மாவுக்குச் சமையல் எந்தக் காலத்திலும் வந்ததில்லை. ஒரு கார்த்திகைக்கு அவள் செய்த பொரி உருண்டையைக் கடித்து அண்ணனின் பல் நுனி உடைந்தது. அடுத்த வருடத்து உருண்டையைக் கையில் எடுத்ததுமே பொரியாக உதிர்ந்தது. அதற்குப் பிறகு அந்த வேலை என் தலையில் விழுந்தது. அன்று பாகு காய்ச்சி, பொரியைக் கொட்டிக் கிளறி, ஒரு பிடி எடுத்து உருட்டியபோது கை அப்படியே நின்றது. பொரிக்கும் பொரிக்கும் நடுவே சந்து சந்தாக இடம். தொட்டுக்கொள்ளும் இடத்தில் மட்டும் பாகு. ஆனாலும் உருண்டை உடையவில்லை. எங்கள் தொழிலில் இதற்கு ஒரு கான்கிரீட் உண்டு. மணலே போடாமல், ஜல்லியை மட்டும் சிமெண்டுப் பசையில் புரட்டி, சந்துகளை அப்படியே விட்டுவிடுவது. மேலே கொட்டுகிற மழை அதற்குள் இறங்கி அடியில் போய்விடும். படித்த காலத்தில் பார்த்ததுதான், கையால் தொட்டதில்லை. உருண்டையை வைத்துக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன்.

"அம்மா, வாசல்ல இத போடப் போறேன்."

அம்மா உருண்டையை வாங்கி ஒரு கடி கடித்தாள். "கைக்கு?" என்றாள்.

அந்தக் 'கைக்கு'வைக் கேட்டு எத்தனை மாதம் ஆகியிருந்தது என்கிறீர்கள். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

இருபது வருடமாக நான் கான்கிரீட்டில் ஓட்டை இருந்தால் ஆளைக் கூப்பிட்டுக் கத்துகிறவள். தேன்கூடு மாதிரி சந்து விழுந்த தூணைப் பார்த்தால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். இப்போது மெனக்கெட்டு, யோசித்து, அளந்து ஓட்டை போட வேண்டும். அந்தத் தலைகீழ் வேலையில் எனக்கு வந்த குஷியைச் சொல்லி மாளாது. சோதனைக் கூடத்தில் வேலை முடிந்ததும் மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டேன். ஜல்லி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். மாற்றியதெல்லாம் பாகு. வெறும் சிமெண்ட் ஒன்று. அனல்மின் நிலையத்துச் சாம்பலை நிறையச் சேர்த்த சிமெண்ட் ஒன்று. சிலிக்கா ஃபியூம் என்று ஒரு கறுப்புத் தூள் இருக்கிறது, முகப் பவுடர்கூட அதன் பக்கத்தில் ரவை. அதைச் சேர்த்தது ஒன்று. ரப்பர் பால் ஊற்றியது ஒன்று. ஒவ்வொன்றிலும் உருளை உருளையாக வார்த்தேன்.

அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு தனிக் கூத்து. மெட்ரோவில் பையைப் பரிசோதிக்கும் பெண் காவலர் திரையில் அந்த உருளைகளைப் பார்த்ததும் என்னை ஓரம் கட்டினார். "க்யா ஹை யே?" இது என்ன என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு உருளையை வெளியே எடுத்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து, அதன் தலையில் ஊற்றினேன். தண்ணீர் ஒரு பக்கம் உள்ளே போய் மறுபக்கம் அவருடைய ஷூவில் இறங்கியது. வரிசையில் நின்றவர்கள் போனைத் தூக்கிவிட்டார்கள். அவர் தன் ஷூவைப் பார்த்தார், உருளையைப் பார்த்தார், பிறகு என் பாட்டிலை வாங்கி இன்னொரு தடவை தானே ஊற்றினார். சிரித்துக்கொண்டே என்னை விட்டுவிட்டார். அமீர்பேட்டில் கோச்சிங் முடிந்த ஹாஸ்டல் பெண்கள் திமுதிமுவென்று ஏறியபோது பையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன். தார்நாக்காவில் இறங்கியபோது கால் இரண்டும் மரத்துவிட்டிருந்தன.

மறுநாள் சாயங்காலம் கொட்டகையில் பந்தயம் நடந்தது. கேரம் போர்டை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, தண்ணீர் பாட்டில்களின் அடியை வெட்டி, உருளைகளை அதற்குள் இறுக்கிச் சொருகினேன். ஒவ்வொன்றிலும் ஒரு குவளைத் தண்ணீர், எது முதலில் குடிக்கிறதோ அது ஜெயித்தது. தெலுங்கு டீச்சர் ரப்பர் பாலைப் பிடித்துக்கொண்டார். பேகம் சாஹிபா கறுப்புத் தூளின் அழகில் மயங்கிவிட்டார். அம்மா வெறும் சிமெண்டில்தான், அதிலும் நான் பசையைக் குறைத்துப் போட்ட ஒன்றில்தான் கட்டினாள். குவளையைச் சாய்த்த வேகத்திலேயே அது தண்ணீரை விழுங்கிவிட்டது. அம்மா வாக்கரில் தாளம் போட்டாள்.

"இதான். இதையே போடு."

"தண்ணி போறது மட்டும் போதாதும்மா. இதுமேல கார் திரும்பணும்."

"அதெல்லாம் திரும்பும்," என்று அம்மா வாக்கரின் ஒரு காலை அதன் தலையில் வைத்து அழுத்தினாள். ஜல்லிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. ஒன்று தெறித்துப் போய் பேகம் சாஹிபாவின் டீயில் விழுந்தது. அண்ணனின் பல்லை உடைத்ததற்கு மறுவருடத்து உருண்டை எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்து, அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். விழுந்த பிறகு அவள் அப்படிச் சிரித்தது அன்றுதான் முதல் தடவை.

சாம்பல் போட்ட உருளை பந்தயத்தில் தோற்றே போனது. தண்ணீர் அதன் தலையில் டம்ளரில் ஊற்றியதுபோல நின்றது. உடைத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. சாம்பலின் துகள்கள் உருண்டையானவை, பசையை வழுக்கிக்கொண்டு ஓட வைத்துவிடும். நான் தண்ணீரையும் தாராளமாக விட்டிருந்தேன். பசை முழுக்க ஜல்லியை விட்டு நழுவி அடியில் போய் உட்கார்ந்து மூடி போட்டுவிட்டது. கறுப்புத் தூள் அதற்கு நேர் எதிர், உடும்புப் பிடி. உடைக்கும் இயந்திரமே முனகியது. அந்தச் சந்தோஷத்தில் முற்றத்தின் ஒரு மூலையில் கறுப்புத் தூள் கலவையைக் கொஞ்சம் போட்டுப் பார்த்தேன். ஆனால் அது தண்ணீரையெல்லாம் தானே உறிஞ்சிக்கொண்டு முறைத்துக்கொண்டு நின்றது. வெயிலில் பரப்பி முடிப்பதற்குள் பசை உலர்ந்துவிட்டது. மறுநாள் துடைப்பத்தால் தள்ளினாலே கல் வந்தது. பாகு முற்றினாலும் போச்சு, இளகினாலும் போச்சு. அடுப்பில் தெரிந்த விஷயத்தைத் தரையில் ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

கடைசியில் நாலையும் சேர்த்துக் கட்டினேன். சிமெண்டுக்குத் துணையாகக் கொஞ்சம் சாம்பல், கலவை கைக்கு இணங்கி வருவதற்கு. சாம்பல் ஓடிவிடாமல் பிடித்துக்கொள்ளச் சிட்டிகைக் கறுப்புத் தூள். கார் சக்கரம் ஒரே இடத்தில் திருகினாலும் கல் பெயராமல் இருக்க ரப்பர் பால். ஒன்றின் குறும்பை இன்னொன்று அடக்கியது. அந்த உருளையை அம்மா வாக்கரால் அழுத்தினாள், குத்தினாள், இரண்டு கையாலும் தூக்கிக் கீழேயும் போட்டாள். ஒரு கல் வரவில்லை. தண்ணீரை ஊற்றினால் நிதானமாகக் குடித்தது. "ஹவ்," என்றாள் அம்மா. எனக்கு எங்கள் துறையில் அதைவிடப் பெரிய சான்றிதழ் கிடைத்ததில்லை.

அடுத்த தடை எங்கள் அடுக்ககச் சங்கத்தின் செயலாளர். அவர் நல்ல மனிதர், ஆனால் பளபளப்பு பிரியர். மாடிப்படிக்குக்கூட கண்ணாடி மாதிரி கிரானைட் போட வைத்தவர். ஓட்டைத் தரை என்றதும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். நான் உருளையைக் காட்டினேன், விளக்கினேன், குரலை உயர்த்தினேன். எதுவும் எடுபடவில்லை. அப்போது அம்மா வீட்டுக்குள்ளிருந்து வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து, "ஒரு போர்டு ஆடலாமா?" என்று தெலுங்கில் கேட்டாள். தான் ஜெயித்தால் தரை, அவர் ஜெயித்தால் பேச்சே இல்லை. செயலாளர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். விழுந்த நாளிலிருந்து அம்மா ஸ்ட்ரைக்கரைத் தொட்டிருக்கவில்லை. முதல் அடி எங்கோ போனது. இரண்டாவதும் எங்கோ போனது. மூன்றாவதில் கையின் ஞாபகம் திரும்பிவிட்டது. சிவப்புக் காயையும் அதற்குத் துணைக்காயையும் அடுத்தடுத்துப் போட்டு ஆட்டத்தை ஜெயித்துவிட்டு, "எனுக்காவ இல்ல, நான் சென்னைக்குப் போறவ," என்று என்னிடம் தமிழில் சொன்னாள். ஆனால் முகத்தில் அந்த வெளிச்சம் இருந்தது.

மே மாதம் தரையைத் தோண்டினோம். அடியில் பெரிய ஜல்லி அடுக்கு, அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முடிவில் மழைநீரை மண்ணுக்குள் விடும் குழி. இங்கே அதை இங்குடு குந்தா என்பார்கள். வெயில் ஏறுவதற்கு முன்னால் வேலையை முடிக்க வேண்டும் என்பதால் விடியும்போதே கலவை இயந்திரம் ஓடியது. ஒவ்வொரு கலவையிலும் ஒரு பிடி எடுத்து உருட்டிப் பார்த்தேன். உதிராமல், வழியாமல், ஜல்லியின் மேல் ஒரு பளபளப்பு மட்டும் இருக்க வேண்டும். மேஸ்திரி என்னை விநோதமாகப் பார்த்தார். கான்கிரீட்டை உருண்டை பிடித்துப் பார்க்கும் இன்ஜினியரை அவர் கண்டதில்லை. பரப்பி, உருளைக் குழாயால் லேசாக அமுக்கி முடித்ததும், அவர் வழக்கப்படி வெறும் சிமெண்டைக் கரைத்து மேலே பூசி மெழுக வாளியோடு வந்தார். நான் வாளிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன். இப்படி மொட்டையாக விட்டுவிட்டுப் போனால் ஊரில் தன் பெயர் கெட்டுவிடும் என்றார். முழுத் தரையையும் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, ஓரத்தில் செங்கல் வைத்து, ஒரு வாரம் யாரும் தொடக் கூடாது என்று மூன்று மொழியில் சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன்.

சொன்னவள், ஏன் தொடக் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்றாம் நாள் மத்தியானம் செயலாளர் போன் செய்தார். குரல் இழவு வீட்டிலிருந்து வருவதுபோல இருந்தது.

"நீளு நிலவட்லேது மேடம்."

தண்ணீர் நிற்கவே இல்லையாம். எந்தத் தண்ணீர் என்று கேட்டேன். லாரித் தண்ணீர் என்றார். பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன்.

எங்கள் பக்கம் தளம் போட்டால் மறுநாள் அதன் மேல் களிமண்ணால் குட்டி வரப்பு கட்டி, பாத்தி பாத்தியாகப் பிரித்து, தண்ணீரைத் தேக்கி வைப்பார்கள். கான்கிரீட் குடித்துக் குடித்து இறுகும். ஹைதராபாத்தில் எந்த மொட்டை மாடியைப் பார்த்தாலும் இதுதான் காட்சி. அம்மாவின் தரை வெயிலில் பிளாஸ்டிக்குக்கு அடியில் வெந்துகொண்டிருக்கிறதே என்று மேஸ்திரிக்கும் செயலாளருக்கும் மனசு கேட்கவில்லை. விரிப்பை நாலாக மடித்து ஓரமாக வைத்துவிட்டு, கரிசல் மண்ணைக் குழைத்து முற்றம் முழுக்க அழகாக வரப்பு கட்டியிருந்தார்கள். லாரித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். பாத்தி நிரம்பவில்லை. இன்னொரு லாரி வரவழைத்தார்கள். அதுவும் போன இடம் தெரியவில்லை. நான் கேட்டுக்குள் நுழைந்தபோது மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டு கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். கான்கிரீட் தோற்றுவிட்டது, தண்ணீர் தாங்கவில்லை, என்ன பதில் சொல்வேன் என்றார். குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. தரை அதை ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் விழுங்கிக்கொண்டே இருந்தது.

நான் வாசல்படியில் உட்கார்ந்து சிரித்தேன். நிறுத்த முடியவில்லை. இரண்டு லாரித் தண்ணீரைக் குடித்துவிட்டு ஏப்பம்கூட விடாத தரைக்கு முன்னால் இரண்டு பெரிய மனிதர்கள் துக்கம் அனுசரிக்கிறார்கள். ஜன்னல் வழியே அம்மாவும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு என் கண் வரப்பில் பட்டது. கையால் ஒரு கட்டியைப் பெயர்த்தேன். அடியில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கறுப்புச் சேறு நெளிநெளியாக இறங்கியிருந்தது. சாம்பலும் தூளும் ரப்பர் பாலும் சேர்ந்து மாதக்கணக்கில் எனக்குக் காப்பாற்றித் தந்த சந்துகள். எனக்குச் சிரிப்பு போன வேகத்தில் கோபம் வந்தது. அன்று நான் கத்தியது மௌலா அலி மலை வரைக்கும் கேட்டிருக்கும். மேஸ்திரி பயந்துபோய்த் துடைப்பத்தையும் வாளியையும் தூக்கிக்கொண்டு கழுவ ஓடிவந்தார். கழுவினால் சேறு இன்னும் உள்ளேதான் போகும். "நக்கோ!" என்று நான் அலறினேன். அது என் வாயிலிருந்து வந்ததா என்று எனக்கே சந்தேகம். எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

மண்ணைக் காயவிட்டுச் சுரண்டி எடுத்தோம். சந்துக்குள் இருந்த தூளுக்கு அம்மா ஒரு வழி சொன்னாள். அண்ணன் வாங்கிக் கொடுத்து அட்டைப்பெட்டியிலேயே கிடந்த வேக்வம் கிளீனரை வெளியே கொண்டுவரச் சொன்னாள். அது பாவம், சோபாவுக்காகப் பிறந்தது. பாதி முற்றத்தை உறிஞ்சிவிட்டுப் புகைந்து உயிரை விட்டது. மீதிக்குத் தெலுங்கு டீச்சர் வீட்டு மெஷின் வந்தது. பிறகு தெருமுனையில் பைக் கழுவும் கடையிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சும் குழாயை வாங்கிவந்து வரப்பு இருந்த இடங்களையெல்லாம் சாய்வாக அடித்தோம். ஒவ்வொரு இடத்திலும் குவளைத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். குடித்தது, குடித்தது, குடித்தது. எங்கள் வாசல்படிக்கு நேர் முன்னால் இருந்த வரப்புக் கோட்டில் மட்டும் தண்ணீர் தயங்கி நின்றது. அம்மா முதல் அடி வைக்க வேண்டிய இடம். போன வருடம் அவள் விழுந்த இடமும் அதுதான்.

அந்தக் கோட்டோடு நான் பத்து நாள் மல்லுக்கட்டினேன். வேலைக்குப் போகும் முன்னால் குனிந்து பல் தேய்க்கும் பிரஷால் சுரண்டுவேன், வந்த பிறகும் சுரண்டுவேன். கொஞ்சம் இளகியது, முழுதாகத் திறக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் அண்ணன் போன் செய்தான். ஜூன் மாத மழை தொடங்கப் போகிறது, வந்து பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்றான். அம்மா போனை வாங்கி, "வாடா, வா," என்றாள். அன்று சாயங்காலம் அலமாரியைத் திறந்து புடவைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அண்ணன் வந்த அன்றே வானம் பிளந்துகொண்டது. ஹைதராபாத் மழை அப்படித்தான், தூறல் என்ற முன்னுரையெல்லாம் கிடையாது. டாக்சி தெருவிலேயே நின்றுவிட்டது. அண்ணன் பழக்க தோஷத்தில் பேண்டை முழங்கால் வரை சுருட்டி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து, குடையை விரித்துக்கொண்டு கேட்டுக்குள் காலை வைத்தான். கால் நேராகத் தரையில் பட்டது. குனிந்து பார்த்தான். இன்னும் இரண்டு அடி வைத்தான். நாரை மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்து, முற்றத்தின் நடுவில் வந்து நின்று, "தண்ணி எங்கடி?" என்று கேட்டான்.

என் கண் வாசல்படிக்கு முன்னால் இருந்தது. அந்தக் கோட்டில் தண்ணீர் தேங்க ஆரம்பித்திருந்தது. முதலில் விரல் அகலம், பிறகு சாண் அகலம். அண்ணனும் அதைப் பார்த்துவிட்டான். அவன் முகத்தில் பழைய கவலை வந்து உட்கார்ந்தது. மழை இன்னும் வலுத்தது. அந்தச் சாண் அகலத் தண்ணீரில் ஒரு குமிழி வந்தது. இன்னொன்று வந்தது. பிறகு வாய் கொப்பளிப்பதுபோல ஒரு சத்தம், நாலைந்து குமிழிகள் சேர்ந்து வெடித்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அடைத்திருந்த சேறு கரைந்து வழிவிட, அந்தத் தண்ணீர் இறங்கி, ஜல்லிகளின் முதுகு ஒவ்வொன்றாக வெளியே தெரிந்தது. நான் வாசல்படியிலேயே குதித்தேன். நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி கான்கிரீட்டைப் பார்த்துக் குதித்ததை மாடி வீடுகளிலிருந்து பார்த்தவர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

எனக்குப் பின்னால் டக் டக் என்று வாக்கர் சத்தம் கேட்டது. அம்மா என்னை ஒதுக்கிவிட்டு, விழுந்த இடத்தில் வாக்கரின் கால்களை ஊன்றி, ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள். உருளைகளை அழுத்தியதுபோலவே. பிறகு மழைக்குள் இறங்கிவிட்டாள்.

"அம்மா, வழுக்கும்மா," என்று அண்ணன் குடையோடு ஓடிவந்தான்.

வழுக்கவில்லை. சொரசொரவென்று இருந்த அந்தத் தரை வாக்கரின் ரப்பர் கால்களைப் பிடித்துப் பிடித்து விட்டது. அம்மா முற்றத்தின் நடுவில் நின்று, முகத்தை மேலே தூக்கி, கண்ணை மூடிக்கொண்டாள். புடவை நனைந்து ஒட்டியது. எத்தனையோ மாதமாகக் கண்ணாடி ஜன்னல் வழியே மட்டும் பார்த்த மழை அவள் நெற்றியில் விழுந்து மூக்கு வழியாக ஓடியது. கொட்டகையிலிருந்து தெலுங்கு டீச்சரும் பேகம் சாஹிபாவும் கை தட்டினார்கள். அண்ணன் அவள் தலைக்கு மேல் குடையைப் பிடித்தான். அம்மா அதை ஒரு கையால் தள்ளிவிட்டாள்.

அண்ணன் குடையைத் தாழ்த்தினான். மழையில் அவனும் நனைந்துவிட்டான். "அப்ப சென்னைக்கு என்கூட வரலியாம்மா?" என்று கேட்டான். கேட்ட விதத்தில் ஏக்கம் இருந்தது. எனக்கு அவன் மேல் பாவமாகக்கூட இருந்தது.

அம்மா கண்ணைத் திறந்தாள். அவன் கன்னத்தைத் தட்டினாள்.

"நக்கோ," என்றாள்.

பிறகு வாக்கரைத் திருப்பிக் கொட்டகையை நோக்கி நடந்தாள். அண்ணன் குடையை மடக்கினான். அத்தனை நேரமும் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்த செருப்பைக் கீழே போட்டுக் காலில் மாட்டிக்கொண்டு, அவள் பின்னாலேயே கேரம் ஆடப் போனான்.